புதுப்பேட்டையில் ஒரு ரப்பர் வளையம்

சென்னைக்கு வரும் உறவினர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதற்கு நம் வீடுகளில் ஒரு முறையே ஏற்பட்டிருக்கிறது. முதல் நாள் மெரீனா. இரண்டாம் நாள் மயிலைக் கபாலீசுவரர். மூன்றாம் நாள் தியாகராய நகரில் புடைவைக் கடை. நாலாம் நாள் உறவினருக்குக் கால்வலி, நமக்குத் தலைவலி. புதுப்பேட்டைக்கு மட்டும் யாரும் யாரையும் அழைத்துப் போவதில்லை. "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள்.

என்ன இல்லை என்று கேட்க வேண்டும்! கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, உட்கார மெத்தை இருக்கிறது, முகம் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது, விளக்குக்குக் கணக்கே இல்லை. எல்லாம் மோட்டார் வண்டிகளிலிருந்து கழற்றியவை. கல்யாணச் சமையல்கட்டில் அண்டாவையும் தவலையையும் அடுக்கியிருப்பது போல, இங்கே கடைக்குக் கடை ரேடியேட்டர்களையும் கியர் பெட்டிகளையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வண்டி உயிரோடு உள்ளே நுழைந்தால் வெளியே வரும்போது நூறு துண்டாக, நூறு பேர் கையில் போகும். காயலான் கடை என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் கடைகளுக்கு இது தலைநகரம்.

கூவக் கரையில்

எழும்பூர் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, கூவத்தின் ஒரு கரையில் இருக்கிறது புதுப்பேட்டை. நதிக்கு அந்தப் பக்கம் சிந்தாதிரிப்பேட்டை. நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே 1734-ல் கும்பினிக்காரர்கள் உண்டாக்கிய பேட்டை அது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் வாயில் புரண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். புதுப்பேட்டைப் பக்கத்தில் கோமளீசுவரன்பேட்டை. பச்சையப்ப முதலியார் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கேதான் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் கூவத்தில் ஸ்நானம் செய்துவிட்டுக் கோமளீசுவரரைத் தரிசிப்பார்களாம். சுவாமி இன்றும் இருக்கிறார், தரிசனம் செய்யலாம். ஸ்நானத்தை மட்டும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவது உத்தமம்.

இந்தப் பக்கத்துக்கு மோட்டார் வாசனை வந்ததும் நேற்றோ முந்தாநாளோ அல்ல. கூவத்தை ஒட்டி அண்ணா சாலையில் இருக்கும் சிம்ப்ஸன் கம்பெனியில் 1903-லேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார்கள். பிறகு அண்ணா சாலை நெடுகிலும் மோட்டார் கம்பெனிகள் வந்தன. புதிய உதிரி பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை என்று ஊர் தானாகவே பிரித்துக்கொண்டது. புதிதாய் வாங்குகிறவர் பேட்டர்ஸ் சாலையில் நிற்பார். புதிதாய் வாங்க முடியாதவரும், புதிதாய் இனிமேல் யாருமே செய்யாத சாமானைத் தேடுகிறவரும் புதுப்பேட்டையில் நிற்பார்கள்.

நாங்கள் இந்த மூன்றாவது ஜாதி.

மாமனார் வாங்கிய வண்டி

எங்கள் வீட்டில் இருப்பது அம்பாஸடர் மார்க் டூ. 1968-ல் என் மாமனார் வாங்கியது. அம்பாஸடருக்குப் பிறந்த வீடு இங்கிலாந்து. ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியில் செய்துவந்த 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு' என்ற காரின் மூன்றாம் வரிசைதான், 1950-களின் கடைசியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவுக்குப் புக்ககம் வந்து, பெயரையும் மாற்றிக்கொண்டது. வந்த வீட்டிலேயே ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைத்துவிட்டு, 2014 மே மாதத்தில் ஓய்வு பெற்றது. புது அம்பாஸடர் என்று இப்போது ஒன்று கிடையாது. இருக்கிறதைக் காப்பாற்றினால் உண்டு.

மாமனார் காலமான பிறகு அந்த வண்டியில் மாமியாருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு தை மாதமும் வாலாஜாபாத்துக்குப் பக்கத்திலுள்ள குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க அந்த வண்டியில்தான் போகவேண்டும். வேறு எந்த வண்டி வந்து வாசலில் நின்றாலும், "கால் நீட்ட இடமில்லை" என்று சொல்லிவிடுவார். காலுக்கு இடம் இல்லாதது மட்டும் காரணம் அல்ல என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட வண்டி இரண்டு வருஷமாக எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. தினம் காலையில் நான் வாசலில் வெள்ளைக் கோலம் போட்டால், பக்கத்திலேயே அது ஒரு கறுப்புக் கோலம் போட்டிருக்கும். மூன்று பட்டறைகளில் காட்டியாயிற்று. மூவரும் "ஆயில் ஃபில்டர்தான்" என்று சரியாகவே சொன்னார்கள். மூவரும் புது ரப்பர் வளையம் போட்டார்கள். முதலாமவர் இறுக்கியதைவிட இரண்டாமவர் பலமாக இறுக்கினார். மூன்றாமவர் நீளமான குழாயை ஸ்பானரில் செருகிக்கொண்டு இறுக்கினார். ஒரு வாரம் சும்மா இருக்கும். அடுத்த வாரம் கோலம் வந்துவிடும்.

ஃபில்டர் என்றதும் நமக்கு நினைவு வருவது காப்பி ஃபில்டர். கிட்டத்தட்ட அதே சங்கதிதான். எஞ்ஜினின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கிண்ணம் தொங்குகிறது. உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகித வடிகட்டி. எஞ்ஜின் எண்ணெய் அதற்குள் புகுந்து, மண்ணையும் இரும்புத் துகளையும் விட்டுவிட்டு வெளியே வருகிறது. ஆனால் காப்பி தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். இங்கே ஒரு பம்பு எண்ணெயைச் சதுர அங்குலத்துக்கு நாற்பது ஐம்பது பவுண்டு அழுத்தத்தில் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கிக் கிண்ணத்தின் வாயை அடைத்துக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் வளையம். பிரஷர் குக்கரில் காஸ்கெட் செய்கிற வேலை. அது விட்டுவிட்டால் குக்கரில் விசில் வராது; காரில் எண்ணெய் முழுவதும் ரோட்டில் போய்விடும். எண்ணெய் இல்லாமல் சிறிது தூரம் ஓடினாலும் போதும், பேரிங்குகள் உருகி எஞ்ஜின் பிடித்துக்கொண்டுவிடும்.

சென்ற கார்த்திகையில் காஞ்சிபுரம் போய்த் திரும்பிய அன்று, என் கணவர் எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே நுனியில் மட்டும் ஈரம் இருந்தது. அன்று இரவு குடும்ப மகாநாடு கூடியது. "எடைக்குப் போட்டுவிடலாம்" என்றார் மைத்துனர். புதுப்பேட்டைத் தரகர் ஒருவர் ஏற்கெனவே விலையும் சொல்லியிருந்தார். "அங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறார். கடைசியாக அவரிடம் காட்டுவோம், முடியாது என்றால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவோம்" என்றார் என் கணவர். போகிற வேலை இரண்டும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டது.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் புடைவை மாற்றிக்கொண்டு, குரோஷா பின்னல் பையோடு பின் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பவுடர் வைத்தியம்

முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. பெயர்ப் பலகைகளுக்குக் கீழே பலகைகள், அவற்றுக்குக் கீழே தொங்கும் பெல்ட்டுகள், பெல்ட்டுகளுக்கு நடுவே கடைக்காரர் முகம். "அம்பாஸடர் பெட்ரோல் வண்டி, பழைய ஃபில்டர்" என்றதும் ஒரு பையன் ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் போட்டான். உள்ளே காகித வடிகட்டி ஒன்று. ரப்பர் வளையங்கள் மூன்று அளவில். எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு என்பது பிறகு தெரிந்தது.

புதுப்பேட்டைச் சந்துக்குள் வண்டி நுழைந்தபோது நாலு பேர் ஓடி வந்து, "உடைக்கவா சார்?" என்றார்கள். பின் சீட்டில் பின்னல் ஊசி நின்றுவிட்டது. நல்ல வேளையாக மெக்கானிக் வந்துவிட்டார். வெள்ளைத் தாடி, கறுத்த கை. சந்து முழுவதும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறது. பானெட்டைத் திறந்து கிண்ணத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தினி பேர் சார் இதை டைட் பண்ணாங்க?" என்று கேட்டார்.

"மூணு பேர்."

"பவுடர் இருக்காம்மா?"

இந்தக் கேள்வி என்னைப் பார்த்து! கைப்பையிலிருந்த சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். பாய் மண்ணெண்ணெய் விட்டு எஞ்ஜினின் பக்கத்தைக் கழுவினார். துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு குழந்தைக்குப் போடுவது போலப் பவுடரை எங்கும் தூவினார். "ஒழுகற இடம் ஒண்ணு, சொட்டற இடம் ஒண்ணும்மா. மேலே ராக்கர் மூடியிலே ஒழுகினாலும் கீழே வந்துதான் சொட்டும். பவுடர் பொய் சொல்லாது" என்றார்.

எஞ்ஜினை ஓடவிட்டோம். மேலே மூடி வெள்ளையாகவே இருந்தது. குழாய் இணைப்பும் வெள்ளை. கிண்ணத்தின் அடியிலுள்ள போல்ட்டும் வெள்ளை. கிண்ணத்தின் வாய் மேலே பொருந்துகிற இடத்தில் மட்டும், கண்மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு மெதுவாக நீண்டது.

மூன்று பேர் உட்கார்ந்த சீட்

தட்டை அடியில் வைத்துப் பாய் நடு போல்ட்டைக் கழற்றினார். கிண்ணம் இறங்கியது. மூன்றாவது பட்டறையில் போட்ட வளையத்தையும் எடுத்தார். புதிது போலவே இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, மேலே வளையம் உட்காரும் பள்ளத்தை விளக்குப் பிடித்துப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். எங்கள் கண்ணுக்குக் கறுப்பாக ஒரு பள்ளம் தெரிந்தது, அவ்வளவுதான்.

"பள்ளத்தோட அடின்னு நினைக்கிறீங்க. அது அடி இல்லே" என்றார் பாய்.

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தார், கீழே வைத்துவிட்டார். அதைப் போட்டு நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழுமாம். ஒரு கீறல் போதுமாம், எண்ணெய்க்கு வழி கிடைத்துவிடும். அவருடைய பார்வை பின் சீட்டுக்குப் போயிற்று. "அம்மா, அந்த ஊசியைக் கொஞ்சம் தர்றீங்களா?"

மாமியார் பின்னலிலிருந்து குரோஷா ஊசியை உருவிக் கொடுத்தார். பாய் அதன் கொக்கியைப் பள்ளத்தில் விட்டு மெல்லச் சுண்டினார். 'அடி' என்று நாங்கள் நினைத்தது ஒரு முனையில் எழும்பிற்று. இழுக்க இழுக்க, கல்லாக இறுகிப்போன ஒரு பழைய வளையம் துண்டு துண்டாக வந்தது. அதற்கும் கீழே மறுபடி ஊசியை விட்டார். இன்னொரு வளையம்!

விஷயம் விளங்கிவிட்டது. ரப்பர் வளையம் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து தட்டையாகிக் கருகினால் இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைக் கழற்றும்போது அது கீழே வராது. மேலே பள்ளத்திலேயே தங்கிவிடும். தலைகீழாக, இருட்டில் இருக்கிற இடம். அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. அவசரக்காரர் அதன் மேலேயே புதிதைப் போடுவார். இரண்டு பேர் உட்கார வேண்டிய பஸ் சீட்டில் மூன்றாமவர் நுனியில் தொற்றிக்கொண்டால் எத்தனை நேரம் தாங்குவார்? ஒழுகும். ஒழுகினால் இறுக்குவார்கள். இறுக்கினால்...

"இறுக்கினா இதான்" என்று பாய் கிண்ணத்தை எடுத்துக் காட்டினார். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கார்க் கதவின் தட்டைக் கண்ணாடியை வாங்கி, அதன் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தார். சரியாக இருந்தால் அசையாமல் நிற்க வேண்டும். அது அடி சப்பின தோசைக்கல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது. மூன்று பட்டறைகளின் புஜபலம் கிண்ணத்தின் வாயையே கோணலாக்கியிருந்தது. இனி எந்த வளையம் போட்டாலும் நிற்காது. குற்றம் வண்டியில் இல்லை. கிண்ணம் வேறு வேண்டும்.

எதிர்க் கடை அம்பாஸடர்

சந்தின் எதிர்ப் பக்கத்தில் அன்று இன்னோர் அம்பாஸடரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மார்க் த்ரீ, எஞ்ஜின் ஒன்றேதான். கதவுகள் போய்விட்டன. இரண்டு பையன்கள் பானெட்டைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சந்துக்குள் வந்ததிலிருந்து மாமியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாய் அங்கேதான் போனார்.

அப்போதுதான் மாமியார் வண்டியை விட்டுக் கீழே இறங்கினார். நேரே எதிர்ப் பக்கம் போய், அந்த வண்டியின் அருகில் நின்றார். பின் சீட்டு இன்னும் அதில் இருந்தது. யாரோ ஒட்டிய முருகன் படம் டாஷ்போர்டில் பாதி கிழிந்திருந்தது.

"யாரோட வண்டிப்பா?" என்றார்.

"தெரியாதும்மா. அவங்க வீட்டிலே நிறுத்த இடமில்லையாம். நல்ல வண்டி, எஞ்ஜின் சுத்தமா இருக்கு" என்றான் ஒரு பையன்.

பாய் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் கண்ணாடியில் கவிழ்த்தார். ஆடவில்லை. மாமியார் அந்தக் கிண்ணத்தைத் தாமே வாங்கி, முந்தானையால் துடைத்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு வருவது போல இருந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் யாருக்கும் பேச்சு வரவில்லை.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பள்ளத்தைத் துணியால் பலமுறை துடைத்தார் பாய். பெட்டியிலிருந்த மூன்று வளையங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்று தொளதொளவென்றிருந்தது; ஒன்றை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது; மூன்றாவது, சொந்த இடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. நான் சொன்ன ஆபத்து இதுதான்: மூன்றும் கைக்கு ஒன்று போலவே இருக்கும். போல்ட்டின் செப்பு வாஷரை டீக்கடை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். நாளாக ஆகக் கெட்டியாகும் செம்பு, காய்ச்சினால் மறுபடி மெதுவாகி இடுக்கில் படிந்து கொடுக்குமாம். வளையத்தில் விரலால் எண்ணெய் தடவினார். கிண்ணத்தை ஒரு கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே மறு கையால் போல்ட்டைத் திருகினார். வளையம் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்ததா என்று அந்தச் சுழற்சியில் கைக்குத் தெரிந்துவிடும். கடைசியில் ஸ்பானரால் ஒரு சின்னத் திருகு. அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டாமா?" என்றார் என் கணவர், பழக்கதோஷத்தில்.

"அடைக்கிறது வளையம் சார், போல்ட்டு இல்லே" என்றார் பாய்.

மறுபடி பவுடர். மறுபடி எஞ்ஜின். கால் மணி நேரம் ஓடியது. பவுடர் பூசிய இடம் பௌர்ணமி போல வெள்ளையாக இருந்தது. விலை சொன்ன தரகர் இதற்குள் வந்து, இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

தை மாதம் வாலாஜாபாத் போய்ப் பொங்கல் வைத்துத் திரும்பினோம். மறுநாள் காலையில் வண்டிக்கடியில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்துப் பார்த்தோம். எழுத்து எல்லாம் படிக்கிற மாதிரி இருந்தது.

போகிறவர்களுக்கு

புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். வேண்டிய பாகத்தின் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட, பழைய பாகத்தையே கையில் எடுத்துப் போவது மேல்; ஒரே சாமானுக்கு அங்கே நாலு பெயர். காலையிலேயே போனால் நடக்க இடம் இருக்கும். நல்ல புடைவை கூடாது. ரப்பர் வளையம் வாங்கினால் எண்ணெய்க்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பராகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். வடித்த பழைய எண்ணெயைத் தகரத்தில் பிடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. கூவத்துக்கு ஏற்கெனவே இருக்கிற கஷ்டம் போதும். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் பழைய வளையத்தைக் கண்ணால் பார்த்து, கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது கைக்கு வராதவரையில் புதிதைப் போட விடாதீர்கள்.

சென்ற மாதம் ஒரு ஜன்னல் கைப்பிடிக்காக மறுபடி அங்கே போனோம். தரகர் எங்களைப் பார்த்ததும் முகமலர்ந்து, "வண்டியைக் கொடுக்க வந்தீங்களாம்மா?" என்றார்.

"இல்லேப்பா," என்றார் மாமியார், சீட்டில் காலை நன்றாக நீட்டிக்கொண்டு. "இந்தத் தடவையும் வாங்கத்தான் வந்திருக்கோம்."